சாயம் ஏற்றிய மரத் தளபாடத்தைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் மரத் தளபாடங்களுக்குப் பொலிஷ் செய்து தரும் பட்டறை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை, இதே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பொருள், மஹோகனியில் என் மைத்துனர் தன் கையால் செய்து தந்த எழுத்துமேசை. ஸ்பிரிட்டில் கரையும் செம்பழுப்புச் சாயத்தை மரத்தில் ஊறவிட்டு, அதன்மேல் நைட்ரோசெலுலோஸ் லெக்கர் (காய்ந்ததும் மெல்லிய படலமாகப் படியும் தெளிந்த மேற்பூச்சு) அடித்திருந்தார். வத்தளையிலிருந்து வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வீடு மாறியபோது, லொறியில் உரசி மேற்பலகையில் ஒரு கீறலும் முன்விளிம்பில் ஒரு சிறு உடைவும் ஏற்பட்டன. கீறல் நகத்தில் தட்டுப்பட்டதே தவிர, நிறம் போகவில்லை, லெக்கரோடு நின்றிருந்தது. விளிம்பில் மட்டும் சாயமேறாத வெளிறிய மரம் தெரிந்தது. மைத்துனர் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் விட்டுச்சென்ற மிச்சச் சாயத்தையும் போத்தலோடு பட்டறையில் ஒப்படைத்து, அந்த இரண்டு இடங்களை மட்டும் சரிசெய்தால் போதும் என்று தெளிவாகச் சொன்னேன்.

“யோசிக்காதீங்க சேர், தேச்சு ஒரு கோட் அடிச்சா எல்லாம் மறைஞ்சிரும்” என்றார் முதலாளி. அந்தத் ‘தேய்ப்பதில்’தான் கேடு இருக்கிறது.

சாயம் மரத்தின் மேற்பரப்பில் மெல்லிய ஆழத்துக்கே இறங்குகிறது. அதன் மேலுள்ள லெக்கரும் மெல்லிய படலமே. எனவே மின்சாண்டரை (சாண்ட் பேப்பர் பொருத்தித் தேய்க்கும் மின்கருவி) வைத்து அழுத்தினால் லெக்கர் போன கையோடு சாயமும் போய், அந்த இடம் திட்டாக வெளுத்துவிடும். விளிம்புகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். வெளுத்த திட்டில் மீண்டும் சாயம் பூசினாலும், சுற்றிலும் லெக்கர் அடைத்திருக்கும் மரம் அதை உறிஞ்சாது என்பதால், திட்டின் ஓரத்தில் வளையம் போன்ற கறையே மிஞ்சும்.

என் மேசைக்கு நடந்ததும் இதுவே. கீறலை எடுக்கப்போய் மேற்பலகை முழுவதையும் தேய்த்திருக்கிறார்கள். வெளுத்த திட்டுகளை மறைப்பதற்காகக் கரும்பழுப்பு நிறம் கலந்த லெக்கரை அதன்மேல் தடிப்பாக அடித்துவிட்டார்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மஹோகனியின் மரரேகை எதுவும் தெரியவில்லை. தெரிவது நிறத்துக்கு அடியில் சாண்டர் விட்டுச்சென்ற சுருள் சுருளான கோடுகள்தான். இழுப்பறைகள் பழைய செம்பழுப்பிலேயே இருக்க, மேற்பலகை மட்டும் வேறொரு மேசையுடையதைப் போல நிற்கிறது. போதாதற்கு, தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அடித்ததால் ஒரு மூலை பால்படிந்தாற்போல் வெளிறியிருக்கிறது. லெக்கரில் கலக்கும் தின்னர் என்ற கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து லெக்கருக்குள் சிக்கிக்கொள்வதால் வரும் பழுது இது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத விடயமல்ல. நான் கொடுத்த சாயப் போத்தல் மூடியைச் சுற்றியிருந்த ஒட்டுநாடா கூடப் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. இதற்கு மேற்பலகை முழுவதற்குமான கூலி கேட்டார்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, மரத்தின் குணம் அப்படி என்றார்கள். அது பொய்.

பின்னர் மொறட்டுவையில் நான் விசாரித்த ஒரு பாஸ் (தச்சு வேலைக்காரர்), முறையான வேலை எவ்வளவு சிறியது என்பதை விளக்கினார். லெக்கர் தன் பழைய படலத்தைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும் என்பதால், கீறலில் லெக்கரைத் துளித்துளியாக விட்டு நிரப்பி, நன்றாகக் காய்ந்த பின் 600 இலக்கச் சாண்ட் பேப்பரால் கையாலேயே மட்டப்படுத்தினால் போதும். உடைந்த விளிம்பில் அதே சாயத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து, மேலே லெக்கர் அடித்திருக்கலாம். இப்போதோ மேற்பலகையை முழுவதுமாக உரித்துப் புதிதாகச் சாயமேற்ற வேண்டும் என்றார்.

ஆகவே, கொடுக்கும் முன் மேசையின் அடிப்பக்கத்தில் சிறிய இடத்தில் செய்துகாட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பொருளைத் திருப்பி எடுத்துவந்துவிடுங்கள். எந்த இடம், எந்தச் சாயம், சாண்டர் பாவிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். என் பற்றுச்சீட்டில் “இரண்டு இடம் திருத்தம்” என்று எழுதியிருப்பதால்தான் இன்று என்னால் பேச முடிகிறது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, இவ்வாறான சேவை பற்றிய முறைப்பாட்டைச் சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டின் பிரதியையும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் இணைத்து நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். வேறொருவர் கைவைத்தால் பிழை யாருடையது என்பதை நிறுவ முடியாமல் போகும் என்பதால், விசாரணை முடியும்வரை மேசையை அந்நிலையிலேயே வைத்திருக்கிறேன்.