ஈரோட்டு நாட்டு மருந்துக் கடை: மஞ்சள் அருமை, மாத்திரைப் பேச்சு வேண்டாம்

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையான மயலினை அரிக்கிற நோய். மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்குக் கேட்கும் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்ல, ஈரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். மஞ்சள் தூள் உண்மையிலேயே அருமை, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சளாச்சே, மணம் கையிலேயே நிற்கிறது. விலையும் நியாயம்.

ஆனால் கடைக்காரர் குர்குமின் மாத்திரையை நீட்டி, "ஒரு மண்டலம் சாப்பிடுங்க அம்மிணி, ஊசியெல்லாம் நிறுத்திப்போடலாமுங்க" என்றார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எலிகளுக்கு இதே மாதிரி நோயை உண்டாக்கிக் குர்குமின் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது, அது நிஜம். மனிதர்களிடம் இன்னும் நிரூபணமாகவில்லை. தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், குடலும் அதைச் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் மாத்திரையில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள், அது வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும், நரம்பு மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சீந்தில் பொடியையும் எடுத்து வைத்தார். இந்த நோய்க்காரிக்கு அதைத் தூண்டலாமா? அரைக் கிலோ மஞ்சளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.