செங்குத்து வெப்காமிக்கில் சிரிப்பும் கதையும்: நெல்லைப் பேச்சில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நாலு கட்டத் துணுக்காகத் தொடங்கும் வெப்காமிக், அதாவது இணையத்தில் வரும் படக்கதை, பெரும்பாலும் நாலு கட்டத்தோடு நிற்பதில்லை. பாளையங்கோட்டை வீட்டில் ஓர் ஆச்சி, மெட்ராசிலிருந்து வந்த ஒரு பேரன் என்று ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டால், வாசகர் அடுத்த வாரமும் அவர்களைத் தேடி வருவார். அதன்பின் சிரிப்பு மட்டும் போதாது, கதையும் வேண்டும். இரண்டையும் ஒரே தொடரில் வைத்து ஓட்ட, போனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கும் செங்குத்து வடிவம் எப்படி ஒத்துழைக்கிறது என்பதுதான் இந்தப் பகிர்வு. படம் கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில், வசனம் இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருளில், வெளியீட்டு அகலம் 800 பிக்சல். சுருக்கமாகச் சொன்னால், வடிவம் நன்றாக உழைக்கிறது. இடைவெளியை அளந்து விடாதவர்களுக்கு மட்டும் சிரிப்பு கைநழுவிப் போகிறது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பேரனுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் நாலு நாள் லீவு என்று சொல்லியிருக்கிறான். ஆச்சி பெட்டியைத் திறக்கிறாள்.

"என்னலே, நாலு நாள் லீவுன்னு சொன்ன. பொட்டிக்குள்ள போர்வையும் கெடக்கு. கட்டிலயும் வித்துட்டு வந்துட்டியோ?"

"குளிருதுன்னு கொண்டாந்தேன் ஆச்சி."

அடுத்த கட்டத்தில் ஆச்சியின் கையில் பனைவிசிறி பாதி வீச்சில் நிற்கிறது. "பாளையங்கோட்டையில சித்திரை மாசம் குளிருதாக்கும்?"

வாசகர் சிரிக்கிறார். கூடவே, ஆச்சிக்குத் தெரிந்துவிட்டது என்பதும் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. இதே இடத்தில் மாமா ஒருவர் கட்டிலிலிருந்து தடுக்கி விழுந்தாலும் சிரிப்பு வரும், ஆனால் கதை நின்ற இடத்திலேயே நிற்கும். சோதிக்க எளிய வழி உண்டு: சிரிப்புக் கட்டத்தை மறைத்துவிட்டு எபிசோடைப் படிக்க வேண்டும். எதுவும் குறையவில்லை என்றால் அந்தக் கட்டம் வெறும் ஊறுகாய். 45 கட்ட எபிசோடில் இந்தச் சோதனையில் தேறும் சிரிப்பு மூன்று இருந்தாலே நிறைவு. ஏழு எட்டு வைத்தால் வாசகர் அடுத்த சிரிப்பைத் தேடி விரலை வேகமாகத் தள்ளுவார், நடுவே இருக்கும் அமைதியான கட்டங்கள் கண்ணில் படாமலே போகும்.

இனி இடைவெளி. 9-க்கு 20 விகிதத் திரையில் 800 பிக்சல் அகலப் படம் முழுத்திரையாக நின்றால் சுமார் 1,780 பிக்சல் உயரம் ஒரே நேரத்தில் தெரியும். மேல், கீழ்ப் பட்டைகள் போக ஏறத்தாழ 1,500. படிக்கும் கண் திரையின் நடுவில் இருக்கிறது என்று வைத்தால், அதற்குக் கீழே 750 முதல் 890 பிக்சல் வரை முன்கூட்டியே தெரிந்துவிடும். பேரனின் பதிலுக்கும் விசிறி நின்ற கட்டத்துக்கும் நடுவே 200 பிக்சல் மட்டும் விட்டால், பதிலைப் படிக்கும்போதே ஆச்சியின் முகம் தெரிந்து பஞ்ச் செத்துவிடும். 900 விட்டால் பெரிய போனிலும் மறைந்து நிற்கும். ஆச்சியின் முதல் கேள்விக்கும் பேரனின் பதிலுக்கும் நடுவே 120 போதும், ஏனென்றால் அவன் யோசிக்காமல் உளறுகிறான், வேகம் வேண்டும். இப்படி வெற்றிடமே நேரமாக வேலை செய்வதுதான் செங்குத்து வடிவத்தின் பெரிய பலம். இங்கே தவறிப்போகும் வழி ஒன்றுதான்: எல்லா இடைவெளியையும் ஒரே அளவில் வைப்பது. வரைந்து முடித்துக் கணினியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், போனில் தள்ளிப் பார்த்தால்தான் குறை தெரியும். அதனால் பென்சில் நிலையிலேயே ஒருமுறை போனில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் ஒன்றொன்றாகத் தள்ளும் 1080-க்கு 1350 அட்டைகள் துணுக்குக்கு நல்லவை, ஒவ்வொரு தள்ளலும் தானாகவே பஞ்சை மறைக்கும். ஆனால் பகிர்ந்த ஒரே அட்டையைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு முன்கதை தெரியாது. தொடருக்கு அது ஒத்துவரவில்லை, அறிமுகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு விஷயத்தில் நெல்லைத் தமிழ் ஒரு வரம். 'வருகிறார்கள்' ஏழெழுத்து, 'வாராவ' மூன்றே எழுத்து. 'சொல்கிறார்கள்' என்பது 'சொல்லுதாவ' என்று சுருங்குகிறது. வசனம் எழுதும் பலூன் சிறிதாகும், முகத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் வரிக்கு வரி 'லே' போடுவது எங்கள் பார்வையில் பெரிய கேடு. ஆச்சி பேரனை 'ஏலே' எனலாம், சேக்காளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். கடை அண்ணாச்சியிடம் சின்னப் பையன் சொன்னால் அது வம்பு. வயது வந்த ஆண்கள் நடுவே 'வே' ஓடும். பெண்பிள்ளையைக் கூப்பிட 'ஏட்டி', 'ஏளா'. எதிரில் இல்லாத பெரியவரைப் பற்றிப் பேசினால் 'அவிய'. இந்த வரிசை பிசகினால் ஊர்க்காரர் அடுத்த கட்டத்துக்கே போகமாட்டார்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று. நெல்லைப் பேச்சையே கேலிப் பொருளாக வைத்துக் கதையை நடத்தினால், இழவு வீட்டுக் காட்சியில் அதே பேச்சு வரும்போதும் வாசகர் சிரிப்பார். அவர்மேல் குற்றமில்லை, அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். ஆகவே முதல் எபிசோடிலிருந்தே மிகக் கனமான வசனத்தையும் இதே பேச்சில் சொல்ல வைக்க வேண்டும். படித்த வாத்தியார் மட்டும் எழுத்துத் தமிழ், வேலைக்காரர் மட்டும் வட்டாரத் தமிழ் என்று பிரிப்பதும் இதே தவறுதான். அல்வா கொடுத்த கதையை இன்னொரு முறை சொல்லாமல் இருந்தாலும் நல்லது.

சிரிப்பை எங்கே நிறுத்துவது என்பதற்கு நம் ஊர்க் கோயில் கொடைவிழாக்களில் பாடும் வில்லுப்பாட்டைக் கவனித்தால் போதும். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் அந்தக் கலையை வானொலிக்கும் மேடைக்கும் கொண்டுபோனவர். அதில் கதை சொல்பவர் கதையோடு போவார், பக்கத்தில் 'ஆமா' போடுபவர் குறுக்குக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைப்பார். சிரிப்புக்கு ஓர் ஆள், கதைக்கு ஓர் ஆள். கேலி பாட்டின் நடுவில் வராது, பாட்டு நின்று பேச்சு ஓடும் இடத்தில்தான் வரும். சாமி வரும் கட்டம் நெருங்கினால் தாளம் தட்டும் குடத்தின் வேகம் ஏறும், குறுக்குக் கேள்வி அடங்கிவிடும். வெப்காமிக்கிலும் கனமான கட்டத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து கட்டம் கேலி இல்லாமல் விட்டால் அழுத்தம் நிற்கிறது. துக்கப்படும் ஆளின் வாயிலேயே கேலியையும் வைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

எழுத்து வேலை: தமிழ் வசனத்துக்கு 34 பிக்சலுக்குக் கீழே போனால் புள்ளி தெரியாமல் 'ன்' எல்லாம் 'ன' ஆகிவிடும். ஆங்கிலத்தைப்போல் பெரிய எழுத்தில் கத்த நமக்கு வழியில்லை, ஆகவே தடிமன் மாறும் ஃபான்ட் தேவை. முக்தா மலர், பலூ தம்பி 2 இரண்டிலும் பல தடிமன் உண்டு. கவிவனார் கையெழுத்துப்போல் அழகு, ஆனால் ஒரே தடிமன்தான், கடிதம் காட்டும் கட்டத்துக்கு மட்டும் சரி. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். இங்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை.

கோப்பு: 1,600 பிக்சல் அகலத்தில் வரைந்து பாதியாகக் குறைப்பது வழக்கம். 20,000 பிக்சல் நீளத்துக்கு முழுதாக நிரம்பிய ஒரு லேயரே (பட அடுக்கே) 128 எம்பி நினைவகம் பிடிக்கும். 20 லேயர் போனால் 8 ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறும். நான்கு கோப்பாகப் பிரித்து வரைந்தால் தொல்லை இல்லை. ஜேபெக்கில் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கும், வசனம் உள்ள துண்டுகளைப் பிஎன்ஜியாக ஏற்றலாம். ஏற்றுவதற்காக 1,280 பிக்சல் உயரத் துண்டுகளாக வெட்டும்போது கத்தி வெற்றிடத்தில் விழட்டும், பலூனின் குறுக்கே விழக்கூடாது.

நாள்பட்ட தொடருக்கு மிகவும் உதவியது ஒரு சாதாரண நோட்டு. எந்தச் சிரிப்பில் எந்தப் பொருள் வந்தது, எத்தனையாம் எபிசோடு, திரும்ப வந்ததா என்று மூன்று நெடுவரிசை. 'போர்வை, 3, இல்லை' என்று அதில் இருந்தது. நாலு எபிசோடு கழித்து, ஆச்சி அதைத் துவைத்து மாடிக் கொடியில் காயப்போடுகிறாள். 1,100 பிக்சல் உயரக் கட்டம், பலூன் கிடையாது, பேரன் படியில் நின்று பார்க்கிறான். ஆச்சி வாயில் ஒரு வரி வைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். வைக்க வேண்டாம்.