முகிலுக்காக வாங்கிய போலரைசர்: மூன்று வருடத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது பழைய கேனன் கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். லென்ஸின் முன்னால் மாட்டி வளையத்தால் சுழற்றுகிற 58 மி.மீ. போலரைசர் வடிகட்டியை முகில் எடுக்கவென்றே வாங்கினேன். ஆனை, முதலை, மூக்கு நீண்ட கிழவர் என்று உருவம் காட்டுகிற முகில்கள்தான் எனக்கு வேண்டும். திருகோணமலையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கு டச்சு பே கரைக்குப் போங்கள். சூரியன் கிழக்கே கடலுக்கு மேல் நிற்கும். கமராவை வடக்கே கோட்டைப் பக்கம் திருப்பி வளையத்தை மெதுவாகச் சுழற்றினால் நீலம் கறுத்துக்கொண்டே போகும், வெள்ளை மட்டும் அப்படியே நிற்கும். நீல வானத்தின் ஒளி காற்றில் சிதறி ஒரு திசையில் அதிர்கிறது, அதை வடிகட்டி தடுத்துவிடும். முகிலின் நீர்த்துளிகளிலிருந்து வரும் ஒளி அப்படி இல்லை. முகிலின் ஓரம் வெட்டி வைத்தது போலத் தெரியும். உருவம் தெரிவதே அந்த ஓரத்தால்தான். நடு வெள்ளையில் ஒன்றுமில்லை.

எந்தப் பக்கம் நன்றாக வேலை செய்யும் என்று பார்க்கச் சுட்டுவிரலைச் சூரியனுக்கு நேரே நீட்டி, பெருவிரலைச் செங்குத்தாக விரித்துக் கையைச் சுழற்றுங்கள். பெருவிரல் காட்டும் இடமெல்லாம் சூரியனிலிருந்து 90 பாகை, அங்கேதான் பலன் அதிகம். பின்னேரம் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, கிழக்கே கடல் மேல் இளஞ்சிவப்பில் நிற்கும் முகிலுக்கு வடிகட்டி எதுவுமே செய்யாது. எனக்கு இது புரிய ஒரு வருடம் போனது, அந்த வருடத்துப் பின்னேரப் படங்களெல்லாம் வீணாக வெளிச்சம் குறைந்தவை.

குறைகளும் இருக்கின்றன. ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). லென்ஸை 18 மி.மீ.இல் வைத்து அகலமாக எடுத்தால் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கறுத்துத் திட்டாக விழும், அதனால் நான் 35க்குக் கீழே போவதில்லை. கடற்காற்றின் உப்பு கண்ணாடியில் படிந்துவிடும், முதலில் ஊதாமல் துடைத்துக் கீறல் விழுத்தியிருக்கிறேன். வளையமும் இப்போது இறுகிவிட்டது. வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கி வானம் ஒரே சாம்பலாக மூடிவிட்டால் பையை விட்டு எடுக்கவே வேண்டாம்.

ஆனால் வடிகட்டியை விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) முக்கால் ஸ்டொப் அளவு குறைத்து வையுங்கள். வெள்ளை எரிந்துபோனால் கண்ணும் வாயுமாக நாம் பார்த்த நிழல்கள் படத்தில் வராது, எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

அப்புறம், கூட ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன ஆவணியில் உப்புவெளியில் நான் ஆனை என்று சொல்லி வளையத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, அது ஆனை இல்லை, திருக்கை. வாலைப் பாருங்கோ.”

உண்மைதான், இரண்டு பக்கமும் செட்டை விரித்த திருக்கை. சின்னத் திரள் முகில் சில நிமிடங்களில் கரைந்துவிடும், வால்தான் முதலில் போகும். வளையத்தை விட்டுவிட்டு உடனே அழுத்தினேன். நீலம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது, வால் முழுதாக விழுந்திருக்கிறது. வீட்டுச் சுவரில் இப்போது அந்தப் படம்தான் தொங்குகிறது.