கேம் கன்சோலுக்கு வைஃபை சாவி: ஸ்டிக்கரா, போனா, ரூட்டர் பக்கமா?

பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்த மாலையில், அண்ணன் மகன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு "வைஃபை பாஸ்வேர்ட் என்ன சித்தப்பா?" என்று கேட்டான். வீட்டில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அத்தனை பேருடைய போன்களும் ஆண்டுக்கணக்காக அதே வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு யாரும் நினைத்துப் பார்க்காத சொல் அது. அதைத் தேடிப் பிடிக்க உள்ள வழிகளை அன்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில், எல்லாரும் முதலில் நாடும் வழியே அதிகம் ஏமாற்றுகிறது என்பது தெரிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கன்சோல் 'பாஸ்வேர்ட்' என்று கேட்பதும், விண்டோஸ் 'நெட்வொர்க் செக்யூரிட்டி கீ' என்று காட்டுவதும், ரூட்டரின் அடியில் 'டபிள்யூபிஏ கீ' என்று அச்சாகியிருப்பதும் ஒன்றேதான். ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்ட் வேறு. இரண்டும் ஒரே ஸ்டிக்கரில் அடுத்தடுத்து இருப்பதால் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். இங்கே எளிய சோதனை ஒன்று உண்டு: வீடுகளில் இன்று வழக்கத்தில் உள்ள டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் வைஃபை பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்க வேண்டும். ஆகவே கையில் உள்ள தாளில் 'அட்மின்' என்று ஐந்தே ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது வைஃபை சாவியாக இருக்கவே முடியாது.

ரூட்டரைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. ஸ்டிக்கருக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றுண்டு: வேறு எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் படித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் இருப்பது தொழிற்சாலையில் இட்ட சாவி மட்டுமே. நம் ஊரில் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர் வீட்டுக்காரர் சொல்லும் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றி அமைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த மாற்றம் ஸ்டிக்கரில் ஏறுவதில்லை. மாற்றப்படாத ரூட்டராகவே இருந்தாலும், பொடி எழுத்தில் சுழியமா ஆங்கில 'ஓ'வா, ஒன்றா சிறிய 'எல்' எழுத்தா என்று தடுமாற வேண்டியிருக்கும். நாங்கள் டார்ச் அடித்துப் படித்து மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் பாஸ்வேர்ட் தவறு என்பதைக் குறிக்கும் என்டபிள்யூ-31297-2 என்ற எண்தான் திரையில் வந்தது. இப்போது திரையில் தெரியும் வைஃபை பெயர் ஸ்டிக்கரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், சாவியும் மாறியிருக்கும் என்று கருதி அந்த வழியை அப்போதே விட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதற்கு நேர்மாறானது போன். ஒரு போன் இந்த நொடியில் வைஃபையில் இணைந்திருக்கிறது என்றால், அதனுள் சேமிக்கப்பட்டிருக்கும் சாவிதான் இன்று செல்லுபடியாகும் சாவி. அதில் ஊகத்துக்கு இடமில்லை. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதல், வைஃபை அமைப்பில் இணைந்துள்ள பெயரைத் தொட்டு 'ஷேர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கைரேகையோ பின் எண்ணோ கொடுத்தால் க்யூஆர் குறியீடு ஒன்று தோன்றுகிறது. பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்ட் எழுத்தாகவும் தெரியும். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய 'ஐ' குறியைத் தொட்டால் பாஸ்வேர்ட் வரி மறைவாக இருக்கும். அதைத் தொட்டு முகத்தையோ விரலையோ காட்டினால் திறந்துகொள்ளும்.

சில ஆண்ட்ராய்டு போன்கள் குறியீட்டை மட்டும் காட்டி எழுத்தை மறைத்துவிடுகின்றன. அந்தக் குறியீட்டைக் கன்சோலிடம் காட்டிப் பயனில்லை. பிளேஸ்டேஷன் 4 அதைப் படிக்காது. இன்னொரு போனில் உள்ள க்யூஆர் படிக்கும் செயலியால் அதை எழுத்தாக மாற்றலாம். வரும் வரியில் ஆங்கில எஸ் எழுத்துக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இருப்பது வைஃபையின் பெயர். பி எழுத்துக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால், அடுத்த அரைப்புள்ளி வரை இருப்பது சாவி. சாவிக்குள்ளேயே அரைப்புள்ளியோ காற்புள்ளியோ இருந்தால், அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு வரும். கன்சோலில் போடும்போது அந்தக் கோட்டை விட்டுவிட வேண்டும். இவ்வளவு நுணுக்கம் இருந்தும், ஸ்டிக்கரைவிட இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

விண்டோஸ் மடிக்கணினி உள்ள வீட்டில் அதுவும் போனுக்கு நிகரானதே. கன்ட்ரோல் பேனலின் 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' பகுதியில், இணைந்துள்ள வைஃபையின் பெயரைச் சொடுக்கி, 'வயர்லெஸ் ப்ராப்பர்டீஸ்' சென்று, 'செக்யூரிட்டி' தாவலில் 'ஷோ கேரக்டர்ஸ்' கட்டத்தில் குறியிட்டால் புள்ளிகள் எழுத்தாகும். அலுவலகக் கணினியாக இருந்தால் நிர்வாகி அனுமதி கேட்டு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

ரூட்டரின் அமைப்புப் பக்கம், அதாவது பிரவுசரில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ (ஜியோஃபைபரில் 192.168.29.1) தட்டித் திறக்கும் பக்கம், விவரம் தெரிந்தவர்களின் விருப்பமான வழி. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பக்கத்தைத் திறக்கவே ரூட்டரோடு இணைந்த கருவி ஒன்று தேவை. வைஃபையில் இணைந்த கருவி கையில் இருந்தால் சாவியை அதிலேயே பார்த்துவிடலாமே. வைஃபை இல்லாமல், ரூட்டரோடு நேரே செருகும் லேன் கம்பியில் மட்டும் ஓடும் கணினி உள்ள வீட்டுக்கும், சாவியை மாற்றியமைக்க நினைப்பவருக்குந்தான் இது பொருந்தும். மாற்றினால் டிவி, கேமரா, போன் எல்லாம் துண்டிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் புதிய சாவியைப் போட வேண்டிவரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சாவியே வேண்டாத வழிகளும் உண்டு. ரூட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்து கன்சோலும் அதை ஏற்றால், பொத்தானை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் இணைந்துவிடலாம். ஆனால் அதே ஏற்பாட்டின் எட்டிலக்கப் பின் எண் முறையில் 2011இல் பெரிய ஓட்டை வெளிப்பட்டது: பின் எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிட முடிந்தது. அதனால் பல ரூட்டர்களில் அதை நிறுத்தியே வைக்கிறார்கள். லேன் கம்பி இவை எல்லாவற்றையும்விட நேர்மையானது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் அதற்கான துளை உண்டு. நிண்டெண்டோ ஸ்விட்சில் மட்டும், முதலில் வந்த டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) அது இல்லை; 2021இல் வந்த ஓஎல்ஈடி மாடலின் டாக்கில் இருக்கிறது. போன் ஹாட்ஸ்பாட், அவசரத்துக்குச் சரி; தினமும் இரண்டு ஜிபி தரும் பேக்கில் ஒரு கேமை இறக்கப் பார்த்தால் போனும் முடங்கும், கேமும் பாதியில் நிற்கும்.

கடைசியாக ரீசெட். ஊசியால் சிறிய துளையை அழுத்திப் பிடித்தால் ஸ்டிக்கரில் உள்ள சாவி திரும்ப வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பல ஃபைபர் இணைப்புகளில் ரூட்டருக்குள், இணைய நிறுவனத்தோடு இணையத் தேவையான பிபிபிஓஈ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் விஎல்ஏஎன் எண்ணும் பதியப்பட்டிருக்கும். ரீசெட் செய்தால் அவையும் அழிந்துபோகலாம். வைஃபை வரும், இணையம் வராது. ஊழியர் வரும்வரை வீடே காத்திருக்க வேண்டும். இந்த விவரங்களைத் தனியே குறித்து வைத்திருக்காதவர் அந்தத் துளையின் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் விடை அண்ணியின் போனில் இருந்தது. சாவி, அண்ணனின் பழைய பத்து இலக்கக் கைபேசி எண். இணைப்புக் கொடுத்த அன்று ஊழியர் கேட்க, அண்ணன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த எண்ணைச் சாவியாக வைத்ததைப் பற்றித் தனியே பேச வேண்டியிருந்தது. சாவி கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது: ரூட்டர் தரும் இரண்டு பெயர்களில் '5ஜி' என்று முடிவது டிவி திரையில் வரவே இல்லை. அது மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பது. 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். பின்னால் வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்களுக்கு அந்தக் குறை இல்லை. அண்ணன் மகன் இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுத்து, கணினியிலிருந்து கழற்றிய யூஎஸ்பி கீபோர்டைக் கன்சோலில் செருகிப் பத்து இலக்கங்களையும் தட்டினான். இந்த முறை பிழை எண் வரவில்லை.