மின்சாரமா, சாக்கடையா: அரிசோனா பாலைவனத்தில் டிரெய்லரை எங்கே நிறுத்துவது?

முதல் குளிர்காலம் யூமாவில், ஓர் ஆர்.வி. பார்க்கில், அதாவது டிரெய்லர் மாதிரி வீட்டு வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் இடத்தில் இருந்தோம். மாத வாடகை 850 டாலர், மின்சாரக் கட்டணம் தனி. இரண்டாவது குளிர்காலம் அங்கிருந்து 80 மைல் வடக்கே க்வார்ட்ஸைட்டில், அரசு நிலத்தில். ஏழு மாதத்துக்கும் சேர்த்தே 180 டாலர். மாதத்துக்கு அல்ல, மொத்தமே அவ்வளவுதான். இந்த இரண்டு எண்களையும் கேட்டவர்கள் எல்லாரும் "அப்புறம் எதுக்கு பார்க்குக்குப் போகணும்?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். மூன்றாவது குளிர்காலம் முடியப்போகிற இந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவு நேரானது இல்லை.

நாங்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்றவர்கள். 28 அடி டிரெய்லர், இழுக்க ஒரு டிரக். வேறு வீடு கிடையாது. வார இறுதியில் கூடாரம் போடப் போகிறவர்களுக்கோ, பத்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. வருஷம் முழுக்க இதிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத்தான் இது.

எல்லாரும் முதலில் கவலைப்படுவது மின்சாரத்தைப் பற்றி. நானும் பட்டேன். ஆனால் இந்தப் பாலைவனத்தில் மிக எளிதாகக் கிடைப்பது அதுதான். எங்கள் கூரையில் 600 வாட் சோலார் தகடு, உள்ளே 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, அதாவது சுமார் இரண்டரை யூனிட் சேமிப்பு. டிசம்பரில் சூரியன் தாழ்வாக இருக்கும்போதுகூட ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாமல் வந்துவிடுகிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், லேப்டாப், இணையம், மிக்ஸி, ஏன், சின்ன டேபிள்டாப் கிரைண்டர்கூட இதில் ஓடும் (மிக்ஸியைவிட கிரைண்டர் குறைவாகத்தான் இழுக்கிறது, மெதுவாக நிறைய நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான்). ஓடாதது ஏ.சி. ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் தின்கிற சாமானைப் பேட்டரியில் ராத்திரி முழுக்க ஓட்ட முடியாது. குளிர்காலத்தில் ஏ.சி. தேவையில்லை என்பதால் அந்தப் பேச்சே எழாது.

கஷ்டம் தண்ணீரில். உள்ளே வருகிற தண்ணீரில் கொஞ்சம், வெளியே போகிற தண்ணீரில் நிறைய. டிரெய்லருக்கு அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, எங்களுடையது 50 காலன், அதாவது 190 லிட்டர். பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் போய்ச் சேர கிரே டேங்க், கழிவறைக்கு பிளாக் டேங்க். நம்முடைய சமையலுக்கு எத்தனை பாத்திரம் விழும் என்று உங்களுக்கே தெரியும். குக்கர், வாணலி, தாளிக்கும் கரண்டி, சாம்பார்ப் பாத்திரம், தோசைக்கல். அமெரிக்கத் தம்பதிகள் காகிதத் தட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு வாரம் ஓட்டுகிற அதே கிரே டேங்க் எங்களுக்கு எட்டு, ஒன்பது நாளில் நிறைந்துவிடுகிறது. ஆகவே எந்த இடம் நல்ல இடம் என்று என்னைக் கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "சாக்கடை எங்கே?" என்றுதான்.

அந்த 180 டாலர் இடம்

அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை, பி.எல்.எம். என்பார்கள், 1983-லிருந்து நடத்துகிற நீண்டகாலத் தங்கல் பகுதிகள் இவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்த ஒரே அனுமதிச் சீட்டு. 14 நாள் மட்டும் போதும் என்றால் 40 டாலர். இதெல்லாம் நாங்கள் கட்டிய தொகை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். க்வார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா, யூமா பக்கம் இம்பீரியல் டேம், கலிபோர்னியாவுக்குள் ப்ளைத், ஹோல்ட்வில் பக்கம் சில என்று பரந்து கிடக்கின்றன. ஒரு சீட்டு வாங்கினால் எல்லாவற்றிலும் செல்லும்.

லா போசா மட்டுமே 11,400 ஏக்கர். எண் போட்ட இடம், கோடு, வேலி எதுவும் கிடையாது. சரளைக் கல் பரப்பில் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவே ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. லா போசாவின் தெற்குப் பகுதியில் குடிநீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம், குப்பைத் தொட்டி எல்லாம் அந்தச் சீட்டிலேயே அடக்கம். இலவச முகாமிலிருந்து இது வேறுபடுவதே இங்கேதான். ஆனால் அந்த இடம் நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைலில் இருக்கலாம். டிரெய்லரை மடக்கி, ஜாக்கைத் தூக்கி, டிரக்கில் மாட்டி, இழுத்துப் போய் வரிசையில் நின்று, கொட்டி, கழுவி, திரும்பி வந்து மறுபடி மட்டம் பார்த்து நிறுத்த அரை நாள் ஆகும். ஜனவரியில் பெரிய ஆர்.வி. கண்காட்சி நடக்கும் நாட்களில் இந்தச் சின்ன ஊர் திருவிழா மாதிரி நிறைந்துவிடும், அப்போது வரிசையைக் கேட்கவே வேண்டாம். சோம்பலாக இருந்தால் ஆளைக் கூப்பிடலாம், கழிவு உறிஞ்சும் வண்டி வாசலுக்கே வரும், காசு வாங்கிக்கொண்டு எடுத்துப் போகும். இவர் அதற்குச் செலவு செய்ய மாட்டார். "180 டாலர்னு வந்துட்டு இதுக்கு வேற அழணுமா?" ஆகவே ஆறு காலன் நீல கேன்களில் தண்ணீர் சுமந்து ஊற்றுவதும், சக்கரம் வைத்த சின்னத் தொட்டியில் கழிவுநீரை இழுத்துப் போவதும் அவர் வேலை. ஊரில் அம்மா குடம் சுமந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அரிசோனாவில் வீட்டுக்காரர் சுமப்பதைப் பார்க்கக் கொஞ்சம் திருப்தி என்றே சொல்ல வேண்டும்.

ராத்திரி வானம் எப்படி இருக்கும் என்பதை நான் எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும். எலியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பேக்ராட் என்ற பாலைவன எலி டிரக்கின் பானெட்டுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். இங்கே பலரும் ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைத்து, கீழே ஒரு விளக்கையும் எரியவிடுகிறார்கள். நாங்கள் அதைக் கற்றுக்கொண்டது ஒரு ஒயர் போன பிறகு.

இலவசமாக நிற்பது

அதே க்வார்ட்ஸைட்டில், ஊரின் மற்ற பக்கங்களில் பி.எல்.எம். நிலத்திலேயே காசில்லாமல் 14 நாள் நிற்கலாம். பிறகு 25 மைலாவது தள்ளிப் போக வேண்டும், 28 நாளுக்குள் 14 நாள்தான் என்பது கணக்கு. தண்ணீர் இல்லை, கொட்ட இடமில்லை, ஊருக்குள் போய்க் காசு கொடுத்து இரண்டையும் செய்துகொள்ள வேண்டும். அந்தக் காசையும் டீசலையும் கூட்டிப் பாருங்கள், ஏழு மாதத்தில் 180-ஐத் தாண்டிவிடும். நின்று நிதானிக்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவர்களுக்கு இது சரி. குளிர்காலம் முழுக்க ஒரே பக்கம் இருக்கப் போகிறவர்கள் இலவசம் என்ற சொல்லில் மயங்க வேண்டாம் என்பது என் கட்சி.

மாநிலப் பூங்காக்கள், கவுண்டி பூங்காக்கள் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லாததால்தான். சூப்பர்ஸ்டிஷன் மலையடிவாரத்தில் லாஸ்ட் டச்மேன், டூசான் பக்கம் கேட்டலினா, மேசா பக்கம் யூசரி மலை, மூன்றும் ஆர்.வி. பார்க்குகளைவிடப் பல மடங்கு அழகு. மின்சாரம், தண்ணீர் உண்டு, இடத்திலேயே சாக்கடை இல்லை, வெளியே போகும்போது கொட்டிக்கொள்ளலாம். ஆனால் 14 நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரிக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே பதிந்திருக்க வேண்டும். முழுநேரக் குடித்தனத்துக்கு இது வீடு அல்ல, விருந்தாளியாகப் போகிற இடம்.

சரி, ஆர்.வி. பார்க்

தனியார் பார்க்கில் நீங்கள் வாங்குவது மூன்று குழாய்கள்: தண்ணீர், 30 அல்லது 50 ஆம்பியர் மின்சாரம், சாக்கடை. ஃபுல் ஹூக்கப் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 30 ஆம்பியர் என்றால் 3,600 வாட், ஏ.சி.யும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் தடுமாறும். 50 ஆம்பியர் இணைப்பு பெயரில் இருப்பதைவிட மிகப் பெரியது, இரண்டு கம்பிகளில் வருவதால் 12,000 வாட். கோடையில் இருக்கப்போகிறீர்கள் என்றால் 50 கேளுங்கள், குளிர்காலத்துக்கு 30 தாராளம்.

ஒரு நாள் தங்கல் 50, 60 டாலர், சில இடங்களில் இன்னும் மேலே. வாரக் கணக்கில் கொஞ்சம் குறையும், மாதக் கணக்கில் நன்றாகவே குறையும். ஆனால் மாதக் கணக்குக்குப் போனதும் மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வந்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜனவரி ராத்திரியில் நான்கு, ஐந்து டிகிரி செல்சியஸ் வரை இறங்கும்போது மின்சார ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கி, மாதக் கடைசியில் ரசீதைப் பார்த்து விழித்த ஆட்களில் நாங்களும் உண்டு. யூமா, மேசா பக்கம் நிறைய பார்க்குகள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை வேண்டாம் என்பவர்களும், புகைப்படம் அனுப்பச் சொல்லி வண்டியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரிதான்.

நெருக்கம் ஒரு பெரிய குறை. உங்கள் பந்தல் திறக்கிற பக்கத்தில், நீங்கள் நாற்காலி போட்டு உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அடுத்த வண்டியின் சாக்கடைக் குழாய் ஓடும். கடுகு வெடிக்கிற சத்தம் மூன்று வண்டி தள்ளிக் கேட்கும். ஒருமுறை நான் வத்தக்குழம்பு வைத்த மத்தியானம், பக்கத்து வண்டிப் பெண்மணி ஏதோ தீய்கிறது என்று பதறி ஓடி வந்தார். அப்புறம் சிநேகிதியாகிவிட்டார், அது வேறு கதை. அந்த முதல் பார்க்கிலேயே (பெயர் வேண்டாம்) தண்ணீர் அழுத்தம் எக்கச்சக்கமாக வந்து, சமையல் தொட்டிக்கு அடியில் இணைப்பு பிய்த்துக்கொண்டு தரையெல்லாம் ஊறியது. அழுத்தம் குறைக்கும் பித்தளைச் சாமான் ஒன்று, பத்து, பதினைந்து டாலர், மாட்டியிருந்தால் நடந்திருக்காது. பாதித் தப்பு எங்களுடையது.

இன்னொரு புதியவர் தப்பு: சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்துவிடுவது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது உள்ளே கோபுரமாக எழும்பி நிற்கும். கிரேயைத் திறந்து வையுங்கள், பிளாக்கை நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறங்கள்.

ஆனால் இவ்வளவு சொன்ன பிறகும், பார்க்கில் இருந்த நாட்களில் நான் நிம்மதியாக இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தினமும் தலைக்கு ஊற்றிக் குளிக்கலாம். துணி துவைக்கும் அறை ஐம்பதடியில். தபால் வரும். காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்டிக் கேட்க ஆள் உண்டு. யூமாவில் இருந்தால் பல் வைத்தியத்துக்கு லாஸ் அல்கோடோனஸ் போய்விடலாம். எல்லையில் காரை நிறுத்திவிட்டு நடந்தே மெக்சிகோவுக்குள் போய், மத்தியானத்துக்குள் பல்லைக் கட்டிக்கொண்டு திரும்புகிற முதியவர்கள் கூட்டம் தினமும் உண்டு. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

மாவு புளிப்பதிலும் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. பார்க்கில் ராத்திரி சூடு இருக்கும், காலையில் மாவு பொங்கியிருக்கும். லா போசாவில் ராத்திரி புளிக்கவே புளிக்காது, பகலில் டிரக்கின் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்தால் நான்கு, ஐந்து மணி நேரத்தில் தயார். கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அரிசோனாவிலிருந்து கலிபோர்னியாப் பக்கத்து முகாமுக்குப் போனால் ப்ளைத்தில் விவசாயச் சோதனைச் சாவடி. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அதன் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் கொண்டுபோகும் என்பதால் அதை உள்ளே விடமாட்டார்கள். ஒரு சீட்டு எல்லா முகாமுக்கும் செல்லும், செடிக்குச் செல்லாது.

கோடையில் இந்த ஒப்பீடே கிடையாது. ஃபீனிக்ஸில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, 2024-ல் தொடர்ந்து 113 நாள் பகல் உச்ச வெப்பம் 100-க்குக் குறையவில்லை. கோடை வாடகை பாதியாக விழுவது அதனால்தான், மிச்சப்பட்டதை ஏ.சி. மீட்டர் எடுத்துக்கொள்ளும். மே வந்தால் 7,000 அடி உயரத்திலிருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் ஏறிவிடுங்கள், தேசியக் காடுகளில் அங்கேயும் 14 நாள் கணக்கு உண்டு.

இப்போது நாங்கள் செய்வது இரண்டும் கலந்தது. சீசன் சீட்டு வாங்கி லா போசாவில் இருப்போம், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் பார்க்கில் தங்கி, தொட்டிகளை அலசி, போர்வை எல்லாம் துவைத்து, முடி வெட்டிக்கொண்டு திரும்புவோம். வார வாடகை நாளுக்குக் கணக்குப் பார்த்தால் மாத வாடகையைவிட அதிகம்தான். ஆனாலும் குளிர்காலம் முழுக்கச் சேர்த்து, முதல் வருஷம் கட்டியதில் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்குத்தான் வருகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், ஆக்சிஜன் கருவி மாதிரி நிற்காமல் மின்சாரம் தேவைப்படுகிறவர்கள், முட்டி வலியால் கேன் தூக்க முடியாதவர்கள், கணக்கே போடாமல் பார்க்குக்குப் போங்கள்.

இன்றைக்கு ஆறாவது நாள். கிரே டேங்க் மூன்றில் இரண்டு பங்கு காட்டுகிறது. இவர் நான் பாத்திரம் கழுவுவதையே பார்த்துக்கொண்டு நின்று "இன்னும் மூணு நாள் தாங்கும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாம்பார், கூட்டு, அப்பளம் என்று யோசித்திருந்தேன். புளியோதரை போதும், ஒரே பாத்திரம்.