ரெண்டு டயரா, நாலு டயரா?

எங்கள் வேகன் ஆரில் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. அதனால் முன் டயர்கள் முதலில் தேய்ந்தன. டயரின் பள்ளத்துக்குள், மாற்றும் நேரத்தைக் காட்ட வைத்திருக்கும் 1.6 மி.மீ. மேடு வரை ரப்பர் இறங்கிவிட்டது. பின்னால் இன்னும் 4 மி.மீ. மிச்சம்.

நாலையும் மாற்றினால் பிடிமானம் ஒரே சீராக இருக்கும். ஆனால் செலவு இரட்டிப்பு. பாதி உயிருள்ள டயரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சரி, ரெண்டு போதும். ஆனால் புதுசைப் பின்னால் மாட்டச் சொன்னேன், பழைய பின் டயர்கள் முன்னுக்கு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மழைத் தண்ணீரில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

பழைய பின் டயர்களின் வயதையும் பார்த்தேன். பக்கவாட்டில் 2322 என்றிருந்தது: 2022-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. அந்த டயர்களில் வெடிப்பு விட்டிருந்தால் யோசிக்காமல் நாலையும் மாற்றியிருப்பேன்.