ஃபிலடெல்ஃபியா ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை: அல் கபோன் அறையோடு திரும்பிவிடாதீர்கள்

ஃபிலடெல்ஃபியாவுக்கு வருகிற சொந்தக்காரர்களை லிபர்ட்டி பெல்லைக் காட்டிவிட்டு நேராகச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறோம். ஃபேர்மவுண்ட் அவென்யூவில் இருக்கும் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1829-இல் திறந்து 1971-இல் மூடிய சிறை, இப்போது அருங்காட்சியகம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது. டிக்கெட்டோடு தரும் ஆடியோ அருமை. நடிகர் ஸ்டீவ் புஷெமி பேசுகிறார், நடுநடுவே முன்னாள் காவலர்கள், கைதிகளின் குரல்கள்.

கூட்டமெல்லாம் சிகாகோ தாதா அல் கபோன் இருந்த அறை வாசலில்தான். மேசை, விளக்கு, ரேடியோ என்று ஜோடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது வெளி முற்றத்தில் இருக்கிறது. 16 அடி உயரத்தில், கனத்த இரும்புத் தகடுகளால் செய்த ‘பிக் கிராஃப்’ என்ற வரைபடச் சிற்பம். அமெரிக்காவில் மக்கள்தொகைக்கு எத்தனை பேர் சிறையில் என்ற கணக்கு, பத்தாண்டுக்கு ஒரு தகடு. 1900-இலிருந்து 1970 வரை பெரிய ஏற்றமில்லை. அப்புறம் கிடுகிடுவென ஏறுகிறது. கடைசித் தகட்டை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கத்தில், 1970-இல் உள்ளே இருந்தவர்கள் எந்த இனத்தவர், இப்போது இருப்பவர்கள் யார் என்ற கணக்கு.

கூட வந்த சித்தப்பா கும்பகோணம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். “அப்படி என்ன சட்டம்டா போட்டாங்க?” என்றார். ஒன்றா இரண்டா? அதிபர் நிக்சன் போதைப்பொருளை முதல் எதிரி என்று அறிவித்தது, இந்தச் சிறையை மூடிய அதே 1971-இல். 1986-இல் வந்த மத்திய சட்டத்தைத்தான் அவருக்குச் சொன்னேன். கொக்கெய்ன் தூள் 500 கிராம் வைத்திருந்து விற்றால் குறைந்தது 5 ஆண்டு. அதையே சோடா உப்போடு காய்ச்சிக் கட்டியாக்கிய கிராக் என்றால் 5 கிராமுக்கே அந்த 5 ஆண்டு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவுதான்.

“சரக்கு ஒண்ணுதானே?”

ஒன்றுதான் சித்தப்பா. ஆனால் 2000-களில் கிராக் வழக்கில் மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர். 2010-இல் ஒபாமா கையெழுத்திட்டு, தூளுக்கும் கிராக்குக்குமான அளவு 100-க்கு 1 என்றிருந்ததை 18-க்கு 1 ஆக்கினார்கள். சமமாக்க மனசு வரவில்லை. அதுவும் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குப் பொருந்த 2018 வரை ஆயிற்று.

உள்ளே ‘பிரிசன்ஸ் டுடே’ என்ற கண்காட்சியையும் விடாதீர்கள். நீங்கள் எப்போதாவது சட்டத்தை மீறியதுண்டா என்று பார்க்க வந்தவரையே கேட்கிறார்கள். சித்தப்பா லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டியதை ஒப்புக்கொண்டார். மீறுவது எல்லாரும்தான், பிடிபடுவது யார் என்பதில்தான் விஷயம். கஞ்சா புகைப்பதில் வெள்ளையர், கறுப்பர் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஏசிஎல்யு என்ற குடியுரிமை அமைப்பின் கணக்குப்படி 2018-இல் கஞ்சாவுக்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.64 மடங்கு.

இலையுதிர்கால மாலைகளில் இங்கே ஹாலோவீன் திகில் கொண்டாட்டம் நடக்கும். அந்தச் சந்தடியில் எதையும் நின்று படிக்க முடியாது. பகலில் போங்கள், மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், பெரியவர்களுக்கு நல்ல செருப்பு முக்கியம்.